கல் மோதிரத்துக்குப் பக்கத்தில் கல்யாண மோதிரம்

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் தேவாலயங்களில் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் ஈஸ்டர் முடிந்த கையோடு வரிசையாகத் தேதிகள் விழும். அதற்கான மோதிர வேலையெல்லாம் அந்த நாற்பது நாளில்தான் என் மேசைக்கு வரும். கோவை செல்வபுரத்தில் அப்பா காலத்துப் பட்டறை. நடுவில் ஆறு வருடம் துபாயில் கல் பதிக்கும் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான். முன்பெல்லாம் கல்யாண மோதிரம் என்றால் வெறும் பட்டை இரண்டு, உள்ளே பேர், முடிந்தது. இப்போது பெண்ணின் கையில் நிச்சயத்துக்குப் போட்ட ஒற்றைக்கல் வைர மோதிரம் ஏற்கெனவே இருக்கிறது. அதே விரலில் அதை ஒட்டி இன்னொன்று உட்கார வேண்டும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

போன மார்ச்சில் ஒரு பெண் அம்மாவோடு வந்தாள். மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் வேலை. செல்போனில் மோதிரப் படத்தைக் காட்டி, "இதுக்கு மேட்ச்சா ஒரு பேண்ட் வேணும் அங்கிள்" என்றாள்.

"மோதிரம் எங்க கண்ணு?"

"வீட்ல பீரோல இருக்கு. போட்டோ போதாதா?"

போதாது. படத்தில் மோதிரத்தின் முகம்தான் தெரியும். எனக்கு வேண்டியது அதன் விலா. கல்லைத் தாங்கும் கூடு வளையத்தை விட்டு எவ்வளவு தூரம் வெளியே துருத்துகிறது, கூட்டின் அடிப்பகுதி விரலிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, வளையம் மேலே போகப்போக ஒடுங்குகிறதா அகலுகிறதா, இந்த மூன்றும் தெரியாமல் பட்டை செய்வது ஆளைப் பார்க்காமல் சட்டை தைப்பதுதான். திருப்பி அனுப்பினேன். அம்மாவுக்குக் கோபம். மறுநாள் கொண்டுவந்தார்கள்.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே நீங்கள் ஒரு சோதனை செய்துகொள்ளலாம். ஏடிஎம் கார்டின் நேரான விளிம்பை மோதிரத்தின் பக்கவாட்டில், கல்லிலிருந்து கீழ்நோக்கி நிற்கும்படி ஒட்டி வையுங்கள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கார்டு மேலிருந்து கீழ்வரை வளையத்தைத் தொட்டுக்கொண்டு நின்றால் நேரான பட்டை ஒன்று அதன் பக்கத்தில் அப்படியே உட்காரும். கார்டு முதலில் கல்லிலோ கூட்டிலோ இடித்து, கீழே வளையத்துக்கும் கார்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால், விரலிலும் அந்த இடைவெளி இருக்கும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. கடையில் நம்மிடம் என்னென்ன சொல்வார்கள் என்பதைப் பாதி முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம்.

கல்லை உயரத் தூக்கி ஆறு கால்களால் பிடிக்கும் முறையை டிஃபனி நிறுவனம் 1886-ல் கொண்டுவந்தது. வெளிச்சம் கல்லுக்குள் நன்றாக இறங்கவேண்டும் என்பது நோக்கம். அந்த உயரத்தால் நமக்கும் ஒரு வசதி: கல்லுக்கு அடியில் இடம் இருப்பதால் பக்கத்துப் பட்டை அதற்குள் நுழைந்து ஒட்டிக்கொள்ளும். இப்போது வரும் மோதிரங்களில் கல்லைத் தாழ்வாகப் பதித்து, சுற்றிலும் பொடி வைரங்களை வட்டமாக வைக்கிறார்கள். துணியில் மாட்டாது, பெரிதாகவும் தெரியும். ஆனால் பக்கத்தில் எதையும் அண்ட விடாது. அந்தப் பெண்ணின் மோதிரம் இந்த ரகம். கார்டை வைத்துப் பார்த்தோம், ஒரு மில்லிமீட்டர் இடைவெளி.

இப்படி இருந்தால் பெரும்பாலான கடைகளில் உடனே சொல்வது, "வளைச்சு செஞ்சிடலாம்" என்பதுதான். கல்லைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி பட்டையின் மேல்பகுதியை வளைப்பது, அல்லது வி வடிவத்தில் மடக்குவது. சேர்த்துப் போட்டால் அழகு, மறுக்கவில்லை. ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். மாவு பிசையும்போது, குழந்தையைக் குளிப்பாட்டும்போது, ஸ்கூட்டர் கிளவுஸ் மாட்டும்போது கல் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுவீர்கள். பட்டையைக் கழற்ற மாட்டீர்கள், அது கல்யாண மோதிரம். அப்போது விரலில் காரணமே இல்லாமல் வளைந்த ஒரு கம்பி தனியாக நிற்கும். பார்க்கிறவர்கள் நெளிந்துவிட்டதா என்று கேட்பார்கள். என்னிடமே மூன்று பேர் வளைவை நேராக்கித் தரச்சொல்லி வந்திருக்கிறார்கள்.

ஆகவே ஒரு மில்லி வரை இடைவெளி என்றால் விட்டுவிடுங்கள் என்பேன். அது வேண்டுமென்று விட்டதுபோலவே தெரியும். இரண்டு மில்லிக்கு மேல் போனால்தான் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். அப்போது மட்டும் வளைவைப் பற்றி யோசிக்கலாம். கல் மோதிரத்தைப் பிரித்துக் கூட்டை உயர்த்திக் கட்டுவது இன்னொரு வழி. நல்ல வேலைக்காரர் கையில் அதுவும் நடக்கும். ஆனால் மாப்பிள்ளை ஆசையாக வாங்கிக் கொடுத்ததைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே பிரித்து மேய்வதற்கு எனக்கு மனசு வருவதில்லை.

அடுத்தது தங்கம். இங்கேதான் அம்மாவுக்கும் மகளுக்கும் என் மேசை முன்னாலேயே சண்டை வந்தது.

பெண்ணின் மோதிரம் 14 காரட் வெள்ளைத் தங்கம். அமெரிக்காவில் அதுதான் வழக்கம். உள்ளே 14கே என்று போட்டிருந்தது, நூற்றுக்கு 58.5 பங்கு தங்கம், மீதி வேறு உலோகம். அம்மா பாளையங்கோட்டைக்காரர். "அண்ணாச்சி, கல்யாண மோதிரம் 916-ல இல்லாம வேற எதுல செய்வாங்க? நாளைக்கு ஒரு அவசரம்னா விக்கவாவது ஆகணும்லா?" என்றார். 916 என்பது 22 காரட், நூற்றுக்கு 91.6. அவர் சொன்ன கணக்கு தப்பில்லை. சுத்தம் கூடக்கூடத் தங்கம் மெத்தென்று ஆகும் என்பதுதான் பிரச்சினை. இரண்டு மோதிரம் ஒரே விரலில் இருந்தால் நாள் முழுக்க உரசிக்கொண்டே இருக்கும். கடினமானது மெத்தென்றிருப்பதைத் தின்னும். 14 காரட்டுக்குப் பக்கத்தில் 22 காரட்டைப் போட்டால் தேய்வது 22-தான்.

இதை நான் என் வீட்டில் படித்தேன். எங்கள் கல்யாணத்தின்போது மனைவிக்கு 22 காரட்டில் மெல்லிய பட்டை செய்தேன், 3.1 கிராம். துபாயிலிருந்து வரும்போது 18 காரட்டில் ஒரு கல் மோதிரம் கொண்டுவந்து அதற்குப் பக்கத்தில் போட்டுவிட்டேன். நானே பதித்த கல், பெருமை வேறு. ஒன்பது வருடம் கழித்து மெருகு போடுவதற்காகப் பட்டையைத் தராசில் வைத்தால் 2.8 கிராம். கல் மோதிரம் உரசிய பக்கத்தில் அரத்தால் ராவியதுபோல ஒரு பள்ளம். "தங்கம் எங்க போச்சு?" என்று கேட்டாள். பாத்திரம் கழுவும் தொட்டியில் போயிருக்கும், வேறெங்கே. வேலை தெரிந்த ஆசாரி செய்த தப்பு என்பதால் இன்றைக்கும் பேச்சு வாங்குகிறேன்.

முறைப்படி பார்த்தால் 14-க்கு 14, 18-க்கு 18. ஒரே காரட், கூடியவரை ஒரே கலவை. நம் ஊரில் 14 காரட்டுக்கும் ஹால்மார்க் போடுகிறார்கள், சட்டப்படி தடையில்லை. 14 என்று சொன்னதும் அந்த அம்மா எழுந்தேவிட்டார். கடைசியில் 18-ல் சமாதானம் செய்தேன். நூற்றுக்கு 75 தங்கம். 14-ன் பக்கத்தில் அதுவும் கொஞ்சம் தேயும், ஆனால் 22 அளவுக்கு வேகமாகத் தேயாது. "தாலி 22-லயே இருக்கட்டும்மா, அது கழுத்துல கிடக்கு. கைதான் நாள் பூரா எதுலயாவது இடிச்சுக்கிட்டே இருக்கும்" என்றேன். அது அவருக்குப் பிடித்தது.

நிறத்துக்கு இவ்வளவு சண்டை தேவையில்லை. வெள்ளைக்குப் பக்கத்தில் மஞ்சள் நன்றாகவே இருக்கும், இரண்டும் வேறு என்று தெளிவாகத் தெரிவதால். கண்ணை உறுத்துவது கிட்டத்தட்ட ஒரே நிறம் வரும்போதுதான். வெள்ளைத் தங்கத்தின் பளபளப்பு அதன் மேல் ஏற்றிய ரோடியம் என்ற உலோகப் பூச்சு. தினமும் போடும் மோதிரத்தில் ஒன்றிரண்டு வருடத்தில் அது போய், அடியிலிருக்கும் லேசான மஞ்சள் சாயல் தெரியும். பக்கத்தில் பிளாட்டினம் பட்டை இருந்தால் அது வெளிறிய சாம்பல் நிறத்தில் மாறாமல் நிற்கும், இது மட்டும் பழுத்த மாதிரி ஆகும். வெள்ளைக்கு வெள்ளை வேண்டும் என்றால் இரண்டையும் வெள்ளைத் தங்கத்திலேயே செய்து, பூச்சையும் இரண்டுக்கும் ஒரே நாளில் போடுங்கள். நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கம் சிலருக்கு அரிப்பு தரும். கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறவர்கள் கலவையில் நிக்கலா பல்லேடியமா என்று கேட்டு வாங்குங்கள்.

பிளாட்டினம் நல்ல உலோகம்தான். ஆனால் தங்கம் 1064 டிகிரியில் உருகும், அது 1768-ல். என் உலை அதற்குப் போதாது, வேறு பட்டறைக்குத்தான் அனுப்புவேன். உங்கள் ஊரிலும் பின்னால் அளவு மாற்ற யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

அகலம், தடிமன். கல் மோதிரத்தின் வளையம் இப்போதெல்லாம் பெரும்பாலும் இரண்டு மில்லிக்கும் கீழே. பட்டையும் ஏறக்குறைய அதே அகலம், அல்லது கால் மில்லி கூட. நான்கு மில்லிப் பட்டையைப் பக்கத்தில் வைத்தால் கல் மோதிரம் வாடகைக்கு வந்ததுபோல ஆகிவிடும். தடிமன்தான் எல்லோரும் மறப்பது. விரலிலிருந்து இரண்டும் ஒரே உயரத்தில் நிற்காவிட்டால், உயரமானதன் கூர் விளிம்பு தாழ்வானதன் மேலேறி அறுக்கும். ஒன்றரை மில்லித் தடிமனுக்குக் குறையாதீர்கள். குறைந்தால் சில வருடத்தில் வளைந்து முட்டை வடிவம் ஆகும். கணக்குக்கு ஒன்று சொல்கிறேன்: 12-ம் அளவு, இரண்டு மில்லி அகலம், 1.6 மில்லித் தடிமன், மேல்பக்கம் உருட்டிய பட்டை 18 காரட்டில் சுமார் இரண்டரை கிராம் வரும். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. ஒன்றே முக்கால் கிராமில் "லைட் வெயிட்" என்று காட்டினால், மெல்லியதாகவும் இருக்கும், முத்திரையும் இல்லாமல் இருக்கலாம். முத்திரை இருந்தால் அதிலுள்ள ஆறு இலக்க எண்ணெழுத்தை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

பட்டையிலும் வைரம் வேண்டும் என்கிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். வைரத்தைவிடக் கடினமான கல் வேறில்லை. பட்டையின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் வைரம் பக்கத்து மோதிரத்தின் கூட்டை ரம்பம் மாதிரி அறுக்கும். கல்லைப் பிடித்திருக்கும் கால்கள் மெலிந்து ஒருநாள் கல் கீழே விழும். இரண்டு பக்கமும் தங்கச் சுவர் எழுப்பி நடுவில் கல் பதித்தால் பயமில்லை. சுற்றிலும் முழுக்கக் கல் வைத்த பட்டையை நான் செய்ய மறுப்பேன், அதைப் பின்னால் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ முடியாது. மேல்பாதியில் மட்டும் கல் வைத்துக் கீழே வெறும் தங்கமாக விட்டால், என்றைக்கு வேண்டுமானாலும் வெட்டிச் சேர்க்கலாம்.

இனி அளவு. நம் ஊர் மோதிர அளவு எளிமையானது. மோதிரத்தின் உள்சுற்றளவை மில்லிமீட்டரில் எடுத்து 40-ஐக் கழித்தால் கிட்டத்தட்ட அந்த எண் வரும். 52 மில்லி என்றால் 12. அமெரிக்கக் கணக்கில் அது 6. அவர்களுடைய 7 நமக்கு 14. இதைத் தெரிந்துகொள்ளாமல் "6 சைஸ்" என்று போனில் சொல்லி, ஒரு வீட்டில் சின்னக் குழந்தைக்குப் போடும் அளவில் மோதிரம் செய்து வாங்கியிருந்தார்கள்.

அளவு எடுக்க மாலையில் வாருங்கள். காலையில், அதுவும் ஏசி அறைக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடத்தில், விரல் சுருங்கியிருக்கும். கல்யாணம் மே மாதத்தில், ஆள் நிறைந்த தேவாலயத்தில். வியர்வையும் பதற்றமுமாக விரல் வீங்கியிருக்க, போதகர் முன்னால் மாப்பிள்ளை மோதிரத்தைத் திருகித் திருகி ஏற்றும் காட்சியை நான் பார்த்திருக்கிறேன். விரல் கணு தடித்தவர்கள் கணுவைத் தாண்டும் அளவைப் பார்க்க வேண்டும், அடியில் கொஞ்சம் சுழன்றாலும் பரவாயில்லை. அப்புறம் முக்கியமானது: இரண்டு மோதிரத்தையும் சேர்த்துப் போட்டு அளவு பாருங்கள். தனித்தனியே சரியாக இருப்பது சேர்ந்தால் இறுக்கும், சதைக்குப் போக இடமில்லாமல் போவதால். பெரும்பாலும் பட்டைக்கு ஓர் எண் கூட்டித்தான் செய்கிறேன்.

அவசரம் இல்லாவிட்டால் முதலில் வெள்ளியில் ஒரு மாதிரி செய்துதருவேன். அதே அகலம், அதே தடிமன், அதே அளவு. கல் மோதிரத்தோடு சேர்த்து மூன்று நாள் போட்டுவிட்டு வரச் சொல்வேன். கூலி அதிகமில்லை, வெள்ளியைத் திரும்ப எடுத்துக்கொள்வேன். மூன்றாம் நாள் வந்து சொல்கிறவற்றை எந்த கேட்லாக்கும் சொல்லாது. ஒரு பெண் டாக்டர், "கிளவுஸ் கிழியுது" என்றார்; விளிம்பை உருட்டினேன். இன்னொருத்திக்கு டைப் அடிக்கும்போது பக்கத்து விரலில் இடித்தது. அரை மில்லி குறைத்தேன். செல்போன் கதைக்காரப் பெண், "இடைவெளி தெரியவே இல்ல அங்கிள், அதுல மாவுதான் போய் உக்காருது" என்றாள். பழைய டூத் பிரஷ்ஷும் ரெண்டு சொட்டு ஷாம்பூ கலந்த வெந்நீரும் போதும் என்றேன்.

இரண்டையும் சேர்த்துப் பற்றவைத்துவிடலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. பற்றவைத்தால் உரசல் நிற்கும், ஒன்று ஒரு பக்கமும் மற்றது ஒரு பக்கமும் சுழலாது. ஆனால் பட்டையை மட்டும் தனியாகப் போட முடியாமல் போகும். ஒரு வருடம் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புவேன். திரும்பி வந்தவர்கள் குறைவு.

உள்ளே பேர் பொறிக்கிறவர்களுக்கு: இரண்டு மில்லிப் பட்டையில் எழுத்து ஒரு மில்லி உயரத்துக்குமேல் வராது. தமிழில் ட, ப, ம எல்லாம் தெளிவாக விழும். ஜ, ஞ, ணை போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். பேர் அப்படி இருந்தால் முதலெழுத்தும் தேதியும் போதும். ஹால்மார்க்கும் உள்ளேதான் இருக்கும், ஆகவே பேருக்கு எந்தப் பக்கம் என்று முன்பே பேசிவிடுங்கள். அளவு மாற்ற வெட்டுவது கல்லுக்கு நேர் எதிரே, அடியில். எழுத்து அங்கே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பில்லில் கல்லோடு ஓர் எடை, கல் இல்லாமல் ஓர் எடை என்று இரண்டும் இருக்க வேண்டும். வைரத்தில் ஒரு காரட் என்பது 0.2 கிராம், அதைத் தங்கக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

கல்யாணத்தன்று கல் மோதிரத்தை வலது கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தங்கையிடம் கொடுத்து வையுங்கள். பட்டை முதலில் ஏற வேண்டும், அதன் மேல் கல் மோதிரம். அப்போதுதான் பட்டை உள்ளங்கைப் பக்கம் அமைந்து, கழற்றாமல் அப்படியே நிற்கும். இந்துக் கல்யாணங்களிலும் இப்போது நிச்சயத்துக்குக் கல் மோதிரம் வந்துவிட்டது, அவர்களுக்கு ஒரு வார்த்தை: குடத்துத் தண்ணீரில் மோதிரம் போட்டு இருவரும் தேடும் விளையாட்டுக்கு அதைத் தராதீர்கள். இரண்டு பேர் நகமும் பித்தளைக் குடமும் படும் இடம் அது. வெறும் பட்டையைப் போடுங்கள்.

அந்தப் பெண்ணின் பட்டை ஈஸ்டருக்கு ஐந்து நாள் முன்னால் முடிந்தது. 18 காரட் மஞ்சள், நேர்ப்பட்டை, 13-ம் அளவு. மகள் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கையில் அம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 27 வருடமாகக் கழற்றாத 22 காரட் பட்டை, இருபுறமும் சதை ஏறி நடுவில் புதைந்து கிடந்தது.

"இத என்ன செய்யலாம் அண்ணாச்சி?"

வெட்டித்தான் எடுக்க முடியும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு விரலை நீட்டினார். மோதிரம் 14, விரல் இப்போது 19. ஐந்து மில்லி தங்கம் சேர்க்க வேண்டியிருந்தது. உள்ளே கணவர் பேரில் முதல் இரண்டு எழுத்து மட்டும் மிச்சம். மறுபடி பொறிக்கவா என்று கேட்டேன். "வேண்டாம், அந்த ரெண்டும் அழியாம பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, மகளை அழைத்துக்கொண்டு கிளம்பினார்.